ஐஸ் ஸ்நானம்

சென்ற சித்திரை மாதத்தில் நம் வீட்டுக்கு ஒரு தொட்டி வந்து சேர்ந்தது. அதன் சொந்தக்காரன் நம் தமக்கையின் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம், வயது இருபத்தாறு. லீவுக்கு வருகிற பிள்ளைகள் பலகாரமும் பழமும் வாங்கி வருவது வழக்கம். இவன் ஒரு பெரிய பையைத் தோளிலிருந்து இறக்கி, அதிலிருந்து ரப்பரைப் போன்ற ஏதோ ஒரு துணியை எடுத்து, அதற்குள் காற்றை அடித்து, கொல்லைப்புறத்தில் ஆள் மார்பு உயரத்துக்கு நிறுத்தி வைத்தான்.

"நெல் கொட்டுகிற குதிரா இது?" என்று விசாரித்தாள் நம் தாயார்.

"இல்லை, பாட்டி. இதிலே தண்ணீரும் ஐஸும் போட்டு நான் உட்காரப் போகிறேன்."

தாயார் பேரனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நம் பக்கம் திரும்பி, "காலா காலத்தில் இவனுக்கு ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்திருக்கலாம்" என்றாள்.

விஷயம் இதுதான். காலையில் எழுந்ததும் மூன்று நிமிஷம் ஐஸ் ஜலத்தில் கழுத்தளவு உட்கார்ந்தால் மனம் ஊசிமுனை போலக் கூர்மையாகிவிடுமாம். மாலையில் தேகப்பயிற்சி செய்த பின் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தசைகளின் வலியும் அயர்ச்சியும் பறந்துவிடுமாம். கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் உட்காருகிறார்கள். சினிமா நட்சத்திரங்கள் உட்காருகிறார்கள். பட்டணங்களில் இதற்கென்றே ஸ்தலங்கள் ஏற்பட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு மனிதர்களை நடுங்க வைக்கிறார்கள். "மாமா, நீங்களும் ஒருநாள் இறங்கிப் பாருங்கள். நாற்பதுக்கு மேல் ஆனவர்களுக்கு ரொம்ப நல்லது" என்றான் பையன். நம் வயதை அவன் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் ஐஸ் செய்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது மீன் வண்டிகளுக்காக ஏற்பட்டது. அங்கிருந்து 30 கிலோ ஐஸ், கோணியில் சுற்றி மரத்தூள் தூவப்பெற்று, ஆட்டோவில் வந்து இறங்கியது. கூடவே வந்த வாசனையைப் பற்றித் தாயார் தெரிவித்த அபிப்பிராயத்தை இங்கே அச்சிட முடியாது.

இருபத்தைந்து வருஷமாகக் கரும்பலகைக்கு முன் நின்று பழகிய கைக்கு ஒரு கணக்கைக் கண்டால் சும்மா இருக்க முடிவதில்லை. தொட்டியில் 200 லிட்டர் ஜலம். உஷ்ணமானியை விட்டுப் பார்த்ததில் 30 டிகிரி. ஒரு லிட்டர் ஜலம் ஒரு டிகிரி குளிர்வதற்கு ஒரு கிலோ கலோரி உஷ்ணம் அதைவிட்டு நீங்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரியை விழுங்குகிறது. உருகிய ஜலம் சூடேறும்போது இன்னும் கொஞ்சம் விழுங்குகிறது. ஆகவே 30 கிலோ ஐஸ் அந்த ஜலத்தைச் சுமார் 15½ டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். கண்டது என்னவோ 18 டிகிரி! மிச்சக் குளிர்ச்சி ஆட்டோவின் பின் ஆசனத்திலும் நம் கொல்லையின் வெயிலிலும் கரைந்து போயிருந்தது. பையன் ஆசைப்பட்டதோ 12 டிகிரி. அதற்கு, வழியில் ஒரு துளியும் வீணாகாவிட்டாலும், 39 கிலோ ஐஸ் வேண்டும். அதுவும் தினந்தோறும்.

உஷ்ண தேசத்தில் ஐஸ் என்பது எப்பொழுதுமே பெரிய மனிதர்களின் விளையாட்டாக இருந்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டூடர் என்னும் வியாபாரி, குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த ஐஸை அறுத்தெடுத்துக் கப்பலேற்றி 1833-ஆம் வருஷம் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதக் கடற்பயணத்தில் ஏறக்குறைய பாதி ஐஸ் உருகிப் போயும், மிச்சத்தை விற்று லாபம் சம்பாதித்தார். 1842-ல் சென்னைக் கடற்கரையிலும் அவருடைய சரக்கை வைப்பதற்காக ஒரு வட்டமான கட்டடம் எழும்பியது. ஐஸை இயந்திரத்தில் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்த சுவாமிகள் வந்து தங்கியதனால் அந்தக் கட்டடம் புண்ணியம் பெற்று, இன்று அவர் பெயரால் விளங்குகிறது. ஆனாலும் பஸ் கண்டக்டர்களுக்கு அது இன்னும் "ஐஸ் ஹவுஸ்" தான். அந்த நாளில் வெள்ளைக்கார துரைமார் பானத்தில் போட்டுக்கொண்ட ஐஸை இந்த நாளில் நம் பிள்ளைகள் தங்களைச் சுற்றிலும் போட்டுக்கொள்ளுகிறார்கள்.

பரிகாசம் போகட்டும். இதில் உண்மை இருக்கிறதா என்று நாமும் சிறிது படித்துப் பார்த்தோம். உண்மை இருக்கத்தான் இருக்கிறது. விளம்பரத்தில் சொல்லுகிற அளவுக்கு இல்லை.

பிராக் நகரத்து விஞ்ஞானிகள் 2000-ஆம் வருஷத்தில் பிரசுரித்த ஒரு சோதனை இந்தக் கூட்டத்தாருக்கு வேதவாக்கு. இளைஞர்களை 14 டிகிரி ஜலத்தில் ஒரு மணி நேரம் கழுத்தளவு உட்கார வைத்தார்கள். ரத்தத்தில் நார்அட்ரினலின் என்னும் பொருள் 530 சதவிகிதமும், டோபமின் என்னும் பொருள் 250 சதவிகிதமும் அதிகரித்தனவாம். முன்னது உடம்பை உசுப்பி விழிப்பூட்டுவது. பின்னது ஊக்கத்தோடு சம்பந்தப்பட்டது. நல்லது. ஆனால் அவர்கள் உட்கார்ந்தது ஒரு மணி நேரம். நம் பையன் உட்காருவது மூன்று நிமிஷம். அதில் ஒரு நிமிஷம் போட்டோ எடுத்துக்கொள்ளச் சரியாகிவிடுகிறது. அதே சோதனையில் 32 டிகிரி ஜலத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நாடி தணிந்ததே தவிர உசுப்பல் ஒன்றும் ஏற்படவில்லை.

இங்கிலாந்தில் 2023-ல் 33 பேரை 20 டிகிரி ஜலத்தில் ஐந்து நிமிஷம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். வெளியே வந்தவர்கள் சுறுசுறுப்பாகவும் கவனமாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். மனக்கலக்கம் குறைந்ததாகவும் சொன்னார்கள். இதை நாம் உடனே நம்பினோம். மார்கழி மாதத்தில் விடியற்காலை நாலரை மணிக்குக் கிணற்றடியில் முதல் சொம்பை முதுகில் ஊற்றிக்கொண்ட எவருக்கும் இதற்கு அத்தாட்சி தேவையில்லை. ஆனால் அந்த விழிப்பு எத்தனை நேரம் நிற்கிறது என்பதுதான் கேள்வி. முழுப் பரீட்சைக்கு முன்தினம் குளிர்ந்த ஜலத்தில் குளித்துவிட்டு வந்து புஸ்தகத்தை விரிக்கிற பிள்ளைகளை நாம் அறிவோம். பத்தாவது பக்கத்தில் அவர்களுக்கு வருகிற கொட்டாவியையும் அறிவோம்.

ஹாலந்து தேசத்து ஆராய்ச்சி ஒன்று நமக்கு மிகவும் பிடித்தது. 2016-ல் பிரசுரமாயிற்று. மூவாயிரம் பேருக்குமேல் சேர்த்து, ஒரு பகுதியாரை வெந்நீர்க் குளியலின் முடிவில் முப்பது, அறுபது அல்லது தொண்ணூறு விநாடி பச்சைத் தண்ணீரில் நிற்கச் சொன்னார்கள். அப்படி நின்றவர்கள், நிற்காதவர்களைவிட 29 சதவிகிதம் குறைவாக 'நோய் லீவு' எடுத்தார்கள். ஆனால் நோயாய் இருந்த நாட்கள் இரு கட்சியாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்! அதாவது, குளிர்ந்த ஜலம் சளியைத் தடுக்கவில்லை; சளியோடு வேலைக்குப் போகும்படி செய்திருக்கிறது. இந்தச் செய்தி நம் தலைமையாசிரியர் கண்ணில் படாதிருக்க வேண்டும்.

தசை வலி விஷயம் இதைவிடச் சற்று உறுதியானது. 2012-ல் பதினேழு சிறு சோதனைகளை ஒன்றுகூட்டி ஆராய்ந்தவர்கள், ஓட்டத்துக்கும் பயிற்சிக்கும் பிறகு குளிர்ந்த ஜலத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அடுத்த சில நாட்களில் வலி குறைவாயிருந்ததாகக் கண்டார்கள். ஆனால் வலி போவது வேறு, பலம் வருவது வேறு. ஆஸ்திரேலியாவில் 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பன்னிரண்டு வாரம் பளுத் தூக்கிப் பழகிய வாலிபர்களில், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் 10 டிகிரி ஜலத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தவர்களுக்குத் தசையும் பலமும் மற்றவர்களைவிடக் குறைவாகவே வளர்ந்தன. வலிக்கிற தசைதான் வளருகிற தசை போலும்! நம் தமக்கை மகனிடம் இதைச் சொன்னோம். அவன் தன் கைச்சதையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் மௌனமாயிருந்தான்.

இருதயக் கோளாறும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மிகக் குளிர்ந்த ஜலத்தில் திடீரென்று இறங்கினால் முதல் அரை நிமிஷத்துக்குள் மூச்சு தானாகவே திணறி உள்ளே இழுக்கும், நாடி துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அந்த ஒரு இழுப்பில் முகம் நீருக்குள் இருந்துவிட்டால் முடிந்தது கதை. ஐஸ் தொட்டியில் தனியாக இறங்குவதும், வீரம் காட்டித் தலைகீழாய்க் குதிப்பதும் எந்த வயதினருக்கும் தகாது.

இனி நம் தேசத்து ஜலத்தைப் பற்றி. பையன் ஊருக்குத் திரும்பும் வரையில் பத்து நாட்கள் நாம் உஷ்ணமானியும் கையுமாக அலைந்தோம். மொட்டை மாடித் தொட்டியின் ஜலம் பிற்பகல் மூன்று மணிக்கு 41 டிகிரி. அதில் அரிசியை ஊற வைக்கலாமே தவிரக் குளிக்க முடியாது. கிணற்று ஜலம் காலையிலும் 28, உச்சிப்பொழுதிலும் 28. சமையலறை மண்பானையில் 25. பானையின் வயிற்றில் கசிகிற ஈரம் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. வறண்ட காற்று வீசினால் இன்னும் இறங்கும்; கடற்கரைப் பட்டணங்களின் புழுக்கத்தில் அவ்வளவு இறங்காது. கிணற்று நீர் கோடையில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் வெதுவெதுப்பு என்று எல்லோரும் சொல்லுகிறோம். உண்மையில் ஆழத்து நீர் வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. மாறுவது நம் சருமம்தான். சருமத்தின் சூடு 33, 34 டிகிரி. ஆகவே 28 டிகிரி ஜலமும் நம்மிடமிருந்து சூட்டை எடுக்கத்தான் செய்யும். ஜலம் காற்றைக் காட்டிலும் சுமார் இருபத்தைந்து மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்தவல்லது.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பௌதிக வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதற்கு என்ன அர்த்தம் என்பது நமக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தோம்.

ஆறு வருஷங்களுக்கு முன், வேறொரு ஊரில், வேறொரு பள்ளிக்கூடத்தில் நாம் வேலை பார்த்துக் கொண்டிருந்தபோது நடந்தது. பங்குனி மாதம். விளையாட்டு விழா. நீண்ட ஓட்டப் பந்தயம் காலை ஏழு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. கொடி அசைத்துத் துவக்கி வைக்க வேண்டிய பெரிய மனிதர் வருவதற்குப் பத்தே முக்கால் ஆயிற்று. பிள்ளைகள் அதுவரை மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். பதினொரு மணி வெயிலில் ஓட்டம் ஆரம்பமாயிற்று.

பத்தாம் வகுப்பில் நம்மிடம் கணிதம் படித்த பையன் ஒருவன் கடைசிச் சுற்றில் முன்னணியில் வந்தான். வந்தவன் கோட்டைவிட்டு விலகி, வேலிப் பக்கமாகத் தள்ளாடிக்கொண்டு போனான். பிடித்து நிறுத்தினோம். நம் கையைத் தட்டிவிட்டு, பொருத்தமில்லாத வார்த்தைகளைப் பேசினான். மிகவும் மரியாதையான பையன். அவன் அப்படிப் பேசியதே நமக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். பிறகு விழுந்துவிட்டான். உடம்பெல்லாம் வியர்வை. "வியர்க்கிறதே, வெயில் தாக்கியிருக்காது, வெறும் மயக்கம்" என்று ஒருவர் சொன்னார். அதை நாமும் ஒப்புக்கொண்டோம். ஆசிரியர் அறைக்குத் தூக்கிப்போய் விசிறிக்குக் கீழே கிடத்தினோம். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். ஒருவர் சோடா வாங்க ஓடினார். ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஒருவர் காய்ச்சல் மாத்திரை தேடினார். தொட்டுப் பார்த்தவர் கையை எடுத்துக்கொள்ளும்படி உடம்பு கொதித்தது. இருபது நிமிஷம் இப்படிக் கழிந்தது. பின்னர் ஒரு காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வழியில் ரயில்வே கேட். போய்ச் சேர நாற்பது நிமிஷம். மூன்றாம் நாள் இரவு பையன் இறந்து போனான்.

அவனுடைய தகப்பனார் விவசாயி. காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "தண்ணீர் ஊற்றினீர்களா, சார்?" என்றார்.

"முகத்தில் தெளித்தோம்" என்றோம்.

"உடம்புக்கு?"

நாம் பேசாமல் இருந்தோம். மைதானத்தின் ஓரத்தில் ஒரு கிணறு. பக்கத்தில் தோட்டத்துச் செடிகளுக்காகக் கட்டிய சிமெண்டுத் தொட்டி. அன்று அது விளிம்பு வரை நிரம்பியிருந்தது. பையன் விழுந்த இடத்துக்கும் அதற்கும் இருபது கஜ தூரம்கூட இல்லை. அவர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

காய்ச்சல் வேறு, வெயில் தாக்குவது வேறு. காய்ச்சலில் மூளையே உடம்பின் சூட்டை உயர்த்தி வைக்கிறது. மாத்திரை அந்த அளவை இறக்குகிறது. வெயில் தாக்கும்போது மூளை எதையும் உயர்த்தி வைக்கவில்லை. சூட்டை வெளியேற்ற முடியாமல் உடம்பு தோற்றுப் போகிறது. அப்பொழுது மாத்திரையால் பயனில்லை. உள்சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறி, பேச்சும் நடத்தையும் பிறழ்ந்தால், வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது வெயில் தாக்குதல் என்றே கொள்ள வேண்டும். ஓடி விழுந்த இளைஞர்களுக்குப் பெரும்பாலும் வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். எத்தனை நேரம் அந்தச் சூடு நீடிக்கிறதோ அத்தனைக்கு மூளையும் ஈரலும் சிறுநீரகமும் வெந்து கெடுகின்றன. அரை மணிக்குள் சூட்டைத் தணித்துவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள்.

இது வெறும் பேச்சு அன்று. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் கரையோரத்தில் ஃபால்மத் என்னும் ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் ஏழு மைல் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. முடிவிடத்தில் வைத்தியக் கூடாரத்துக்குள் ஐஸ் ஜலத் தொட்டிகள் தயாராக இருக்கும். பதினெட்டு ஆண்டுப் பந்தயங்களின் கணக்கை 2015-ல் பிரசுரித்தார்கள். வெயில் தாக்கி விழுந்தவர்கள் 274 பேர். அத்தனை பேரையும் அங்கேயே தொட்டியில் இறக்கினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை.

"அது ஐஸ், நம் ஊரில் ஐஸுக்கு எங்கே போவது?" என்று கேட்கத் தோன்றும். நமக்கும் தோன்றியது. அதற்கு விடை ஆஸ்திரேலியாவில் வோலன்காங் சர்வகலாசாலையாரிடம் கிடைத்தது. 2008-ல் அவர்கள் ஆரோக்கியமான மனிதர்களின் உடம்பை வேண்டுமென்றே சூடேற்றி, உள்சூடு 37½ டிகிரிக்கு இறங்க எத்தனை நேரமாகிறது என்று அளந்தார்கள். குளிர்ந்த காற்றுள்ள அறையில் வைத்தால் சுமார் 23 நிமிஷம் ஆயிற்று. 14 டிகிரி ஜலத்தில் இரண்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். 26 டிகிரி ஜலத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. ஐஸுக்கும் மண்பானைத் தண்ணீருக்கும் இடையே வித்தியாசம் முக்கால் நிமிஷம்! விசிறிக்குக் கீழே கிடத்திய நமக்கும் தொட்டித் தண்ணீருக்கும் இடையே இருந்ததோ இருபது நிமிஷம். உண்மையில் வெயில் தாக்கி விழுந்தவனுடைய சூடு இவ்வளவு சடுதியில் இறங்காது என்பது வாஸ்தவமே. ஐஸ் கிடைத்தால் போடுவது மேல். ஆனால் ஐஸ் வரட்டும் என்று காத்திருப்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

காந்தியடிகள் 'சத்திய சோதனை'யில் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். பம்பாயில் அவருடைய மகன் மணிலாலுக்குப் பத்து வயதில் கடுமையான டைபாய்டு சுரம் கண்டு 104 டிகிரிக்கு ஏறியபோது, ஜெர்மனி தேசத்துக் கூனே என்பவருடைய முறைப்படி தொட்டி ஸ்நானம் செய்வித்தும், நனைத்துப் பிழிந்த துணியை உடம்பெல்லாம் சுற்றியும் சிகிச்சை செய்தார். டைபாய்டுக்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. அந்த நோய்க்கு எவரும் அம்முறையைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் கொதிக்கிற உடம்புக்கு ஈரத்துணியைக் கண்டு அஞ்சாத மனத்தைக் கவனியுங்கள். நம் குடும்பங்களில் அந்த அச்சம் இன்னும் பலமாக இருக்கிறது. உடம்பு சூடாயிருக்கும்போது தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று சொல்லாத பாட்டி உண்டா? நம் ஆசிரியர் அறையிலும் அன்று அந்த வார்த்தையை ஒருவர் சொன்னார். நம்மில் பட்டம் பெற்றவர்கள் ஒன்பது பேர் இருந்தோம்.

டில்லியில் ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில் 2024-ல் வெயில் தாக்கியவர்களுக்கென்றே தனிப் பிரிவு ஏற்படுத்தி, ஆளை அமிழ்த்தக்கூடிய தொட்டிகளும் ஐஸ் இயந்திரமும் வைத்தார்கள். அதே வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல காரியங்கள். ஆனால் பிள்ளை விழுவது மைதானத்தில். ஆஸ்பத்திரி இருப்பது ரயில்வே கேட்டுக்கு அப்பால்.

செய்ய வேண்டியது கஷ்டமான காரியமும் அல்ல. நிழலுக்குத் தூக்கி, பூட்ஸைக் கழற்றி, கழுத்துவரை தொட்டியில் இறக்க வேண்டும். ஒரு துண்டை அக்குள்களுக்குக் கீழே மார்பைச் சுற்றிக் கொடுத்து, ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டால் தலை அமிழாது. இன்னொருவர் ஜலத்தைக் கையால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பைச் சுற்றிலும் சூடான ஜலம் ஒரு போர்வை போல நின்றுவிடும். நினைவு தெளியாதவர் வாயில் சோடாவோ மோரோ ஊற்றலாகாது, புரையேறிவிடும். இதற்கிடையில் வேறொருவர் 108-க்குச் சொல்ல வேண்டும். வண்டி வந்துவிட்டதே என்பதற்காகச் சட்டென்று வெளியே தூக்கிவிடவும் கூடாது. சூடு அளக்க வசதி இல்லாவிட்டால் பத்து, பதினைந்து நிமிஷமாவது வைத்திருந்து, பிறகு அனுப்ப வேண்டும். தொட்டியே இல்லையென்றால் வாளி வாளியாக உடம்பெங்கும் விடாமல் ஊற்றி விசிற வேண்டும். வீட்டுக்குள் புழுக்கத்தில் சோர்ந்து விழுகிற வயோதிகர்களுக்கும் ஈரத்துணியைப் போர்த்தி, நீர் தெளித்து விசிறுவது ஏற்றது.

நம் தமக்கை மகன் பதினோராம் நாள் பெங்களூருக்குப் புறப்பட்டான். ஐஸுக்குச் செலவான தொகையைக் கேட்டு அவனே சிறிது அயர்ந்திருந்தான். அவசரத்தில் தொட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டான். தாயார் அதில் வேப்பிலை கொட்டி வைக்க உத்தேசித்தாள். நாம் அதை மடித்து ஸைக்கிளில் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். தேகப்பயிற்சி ஆசிரியர் பழைய பட்டாளத்துக்காரர்; காரணத்தைக் கேட்டதும் மறுவார்த்தை பேசாமல் புங்கமரத்தடியில் இடம் காட்டினார். பந்தயமும் ஒத்திகையும் உள்ள நாட்களில் காலை ஆறு மணிக்குக் காவற்காரர் கிணற்று ஜலத்தை நிரப்புகிறார். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டார்கள். காவற்காரருடைய ஆடு ஒருதரம் உள்ளே விழுந்தது. "இந்தக் கூத்து எதற்கு?" என்று நிர்வாகக் கமிட்டியிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. பதில் எழுதினோம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சுதந்தரதின அணிவகுப்பு ஒத்திகையின்போது, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சுருண்டு விழுந்தாள். புழுக்கமான நாள், காற்றே இல்லை. பெயரைக் கேட்டால் வேறு ஏதோ சொன்னாள். பட்டாளத்துக்காரர் அவளை வாரி எடுத்துக்கொண்டு ஓடினார். டீச்சரம்மாக்கள் இருவர் தொட்டியில் பிடித்துக்கொண்டார்கள்; நாம் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஜலத்தைக் கலக்கினோம். அந்தக் கடிகாரத்தை அவ்வளவு நேரம் நாம் என்றைக்கும் பார்த்ததில்லை. பதினோராவது நிமிஷத்தில் அவள் நடுங்க ஆரம்பித்தாள். கண்ணைத் திறந்து சுற்றியிருந்தவர்களைப் பார்த்துவிட்டு, "என் ரிப்பன் எங்கே, மிஸ்?" என்று கேட்டாள். 108 வண்டி வந்தபோது தன் பெயர், அப்பா பெயர், வகுப்பு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாளே வீடு திரும்பிவிட்டாள்.

இரண்டு தினங்களுக்கு முன் பெங்களூரிலிருந்து பையன் டெலிபோன் செய்தான். அங்கே குளிர் ஆரம்பிக்கப் போகிறதாம், ஐஸ் அதிகம் தேவைப்படாதாம், தொட்டியைப் பார்சலில் அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்டான். முடியாது என்று சொல்லிவிட்டோம்.